இராமாநுஜன் கண்ட பேரெண்

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் மக்கள் திரளுவர். கோயிலை அடுத்துத் தேங்காய் விற்பார் ஒருவரிடம் பன்னிரண்டு காய்கள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என எத்தனை குவியலாகவும் மிச்சமின்றிச் சமமாக அடுக்கலாம். பதின்மூன்று காய்களாயின் அது முடியாது. ஒரே குவியலாக வைத்தல் வேண்டும். அன்றேல் ஒவ்வொன்றாகப் பரப்புதல் வேண்டும். பன்னிரண்டுக்கு 1, 2, 3, 4, 6, 12 என வகுத்திகள் ஆறு. பன்னிரண்டினும் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இங்ஙனம் தன்னினும் சிறிய எண்கள் யாவற்றையும் வகுத்திகளின் தொகையால் விஞ்சி நிற்பதை உயர்பகு எண் எனலாம்.

இத்தகைய எண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமாநுஜன் (1887–1920). வேலை தேடி அலைந்த நாளில், 1910ஆம் ஆண்டில், அவர் திருக்கோவலூருக்குச் சென்று, ஆங்கு டிப்டி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் இவ்வையரே. மேல்மலையனூரைப் போலவே அவ்வூரும் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர் 1914இல் இராமாநுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே உயர்பகு எண்களைப் பற்றி நெடிய கட்டுரையொன்றை வெளியிட்டார். அதிலுள்ள அட்டவணையில் 102 எண்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் இறுதியானது 67,46,32,83,88,800 என்பது. அஃதாவது, ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு!

இதன் வகுத்திகளை ஒவ்வொன்றாக எண்ணப் புகுந்தால் பொழுது போதாது. பகா எண்களாகப் பிரித்தாலோ வழி எளிதாகும். இவ்வெண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. ஒரு வகுத்தியில் 2 என்பது ஒருமுறையும் வாராதிருக்கலாம். ஆறு முறை வரையும் வரலாம். எனவே அதற்கு ஏழு வழிகள். அவ்வாறே 3க்கு ஐந்தும், 5க்கும் 7க்கும் மும்மூன்றும், எஞ்சிய ஐந்து எண்களுக்கும் இவ்விரண்டும் வழிகளாம். இவை யாவற்றையும் பெருக்க, வகுத்திகள் 10,080 எனக் கிடைக்கின்றன.

பகா எண் பெரிதாக ஆக, அது வரும் முறை கூடாமை நோக்கத்தக்கது. 7 நான்கு முறையும் 3 இரண்டு முறையும் வந்திருப்பின், அவற்றை இடம் மாற்றினால் அதே அளவு வகுத்திகளையுடைய சிறிய எண் கிடைத்துவிடும். பெரிய எண் உயர்பகு எண் ஆகாது. உயர்பகு எண்ணில் கடைசிப் பகா எண் ஒருமுறையே வரும் என்பதும், 4, 36 என்னும் இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு என்பதும் இராமாநுஜன் நிறுவிய அரிய முடிபு. இவ்வாராய்ச்சிக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது.

கணிப்பொறி இல்லாத காலத்தே கையாற் செய்த அவ்வட்டவணையில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப் போயிற்று. அது 2,93,31,86,25,600 என்பது. அவரது தேற்றங்களுக்கு இதனால் யாதொரு குறையும் இல்லை. விடுபட்ட அவ்வெண்ணை 23ஆற் பெருக்கினால் வருவது, அட்டவணையின் இறுதியில் நிற்கும் அந்தப் பேரெண்ணேயாம். 23 என்னும் ஒரு பகா எண் அதனிடம் இல்லாமையால், அதன் வகுத்திகளும் சரிபாதியாய் 5,040 ஆகின்றன.