புதுக்குப்பத்து மானசியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

2020 மே 18. நாடு முழுக்க ஊரடங்கு. திருவள்ளூர் மாவட்டம் புதுக்குப்பத்தில் ஒரு செங்கல் சூளை. ஒடிசாவிலிருந்து வந்து ஆறு மாதமாக அங்கே கல் அறுத்துக்கொண்டிருந்த 350-க்கும் மேற்பட்டவர்கள், “வேலை முடிந்துவிட்டது, ஊருக்கு அனுப்புங்கள்” என்று கேட்டார்கள். இரவில் அடியாட்கள் வந்தார்கள். பெண்கள் என்றும் பார்க்காமல் அடித்தார்கள்.

அடிபட்ட கூட்டத்தில் மானசி பாரிகா என்ற 19 வயதுப் பெண் இருந்தார். பலாங்கீர் மாவட்டத்துப் பழங்குடிப் பெண். குடும்பத்தின் மருத்துவக் கடனை அடைக்க 28,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, அப்பாவோடும் பத்து வயதுத் தங்கையோடும் சூளைக்கு வந்தவர். அவரிடம் ஒரு செல்போன் இருந்தது. ரத்தம் வழிய நின்றவர்களைப் படமெடுத்தார். ஊரில் தெரிந்தவர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போலீஸ் வந்தது. அந்தச் சூளையோடு விஷயம் முடியவில்லை. அடுத்த சில நாட்களில் மாவட்டத்தின் சுமார் 30 சூளைகளிலிருந்து 6,750 தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழி பிறந்தது.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

ஹாரியட் டப்மனைத் தெரிந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் படித்திருப்பார்கள். 1849-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாக இருந்து தப்பி பிலடெல்பியா போய்ச் சேர்ந்தவர். போனவர் அங்கேயே இருந்துவிடவில்லை. சுமார் 13 முறை திரும்பி வந்து, ஏறத்தாழ 70 பேரை அழைத்துக்கொண்டு போனார். 1863-இல் உள்நாட்டுப் போரின்போது கொம்பாகி ஆற்றுத் தாக்குதலுக்கு வழிகாட்டி 700-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் விடுதலையாகக் காரணமானார். பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டிய வாழ்க்கைதான். ஆனால் அது மட்டுமே சொல்லப்படும்போது, அடிமைத்தனம் எங்கோ கடலுக்கு அப்பால், யாரோ வெள்ளைக்காரர்கள் செய்து, எப்போதோ முடிந்துபோன சங்கதி என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை குடியிருக்கும் அடுக்குமாடிச் சுவரின் கல், திருவள்ளூர் மாவட்டத்தில் முன்பணத்துக்குக் கட்டுண்ட ஒரு குடும்பம் அறுத்ததாக இருக்கலாம்.

பிள்ளைகளிடம் முதலில் விளக்க வேண்டியது முன்பணத்தைத்தான். சங்கிலியும் சவுக்கும் சினிமாவில் பார்த்தது. அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். கடன் எப்படி ஒரு மனிதரைக் கட்டிப்போடும் என்பதுதான் புரியாது. ஆனால் கணக்குப் பாடத்தில் புரியவைத்துவிடலாம். 28,000 ரூபாய். வேலை செய்யும் கைகள் மூன்று பேருடையவை, அதில் ஒன்று பத்து வயதுக் கை. ஆறு மாதம், அதாவது 180 நாள். வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 52 ரூபாய்கூட வராது. வாரச் சாப்பாட்டுக்கென்று ஏதோ சிறு தொகை கொடுப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்: “அப்போ ஏன் போகவில்லை?” கடன் தீரும்வரை போகக்கூடாது என்பதுதான் அங்கே சட்டம். கடன் தீர்ந்ததா என்று சொல்பவர் முதலாளி. கணக்கு நோட்டு அவர் கையில்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சூளை வேலை தொடங்கும். கோடை முடியும்வரை நடக்கும். மண் குழைப்பது, அச்சில் அறுப்பது, பச்சைக்கல்லை வெயிலில் திருப்பிப் போடுவது, அடுக்குவது என்று குடும்பம் குடும்பமாக வேலை. கூலி கல் கணக்கில்தான். அதனால் பிள்ளைகளும் வேலையில் இறங்கிவிடுகிறார்கள். கல்லைத் திருப்பிப் போடச் சின்னக் கை போதும். இந்த மாவட்டத்தில்தான் ஒடியா பாடப்புத்தகங்களையும் ஒடியா தெரிந்த ஆசிரியர்களையும் வரவழைத்து சூளையருகிலேயே பள்ளி நடத்தினார்கள். நம் பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் வயதுக் குழந்தை ஒன்று, அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, வேறொரு எழுத்தில் அதே வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டிருந்தது.

இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. புழல் ஏரிக்கு ஒரு பக்கம் அம்பத்தூர், மறுபக்கம் செங்குன்றம். செங்குன்றத்தைச் சுற்றியுள்ள அரிசி ஆலைகளில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்ததை ஊரே அறியும். நெல் அவிப்பதும் களத்தில் காயவைத்துக் கிளறுவதும் இரவு பகல் பார்க்காத வேலை. ஆலை மதிலுக்குள்ளேயே வீடு. சொந்தக்காரர் சாவுக்குப் போவதற்கும் உத்தரவு கேட்க வேண்டும். இப்படி ஆலைகளிலும் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இருந்து மீட்கப்பட்டவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் பிள்ளைகளிடம் விரிவாகச் சொல்ல வேண்டிய பகுதி.

சங்கம் வைத்தார்கள். தாங்களே கொத்தடிமையாக இருந்து விடுபட்டவர்கள், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஒன்றுசேர்ந்து, இன்னும் உள்ளே இருப்பவர்களைப் பற்றி அதிகாரிகளுக்குத் தகவல் சொல்கிறார்கள். மீட்கப்பட்டு வந்தவர்களோடு ஆதார் அட்டை, சாதிச் சான்று, வீட்டுமனைப் பட்டா என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். வெளியே வந்த முதல் மாதம்தான் மிக ஆபத்தானது. கையில் காசு இருக்காது, வேலை இருக்காது. பழைய மேஸ்திரி புது முன்பணத்தோடு வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் “போகாதே, நானும் அங்கே இருந்தவன்தான்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வார்த்தைக்கு உள்ள மதிப்பு வேறு யார் சொன்னாலும் வராது. டப்மன் காட்டு வழியில் செய்ததை இவர்கள் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் செய்கிறார்கள். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் கைகொடுக்க, விடுவிக்கப்பட்ட இருளர் குடும்பங்கள் ‘சிறகு’ என்ற பெயரில் செங்கல் சூளையே நடத்த முன்வந்தன. அதே மண், அதே அச்சு, அதே வெயில். கணக்கு நோட்டு மட்டும் இப்போது அவர்கள் கையில்.

எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்குச் சட்டத்தையும் சொல்லிக்கொடுத்துவிடலாம். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976. அதன்படி அந்தக் கடனே ரத்து. அதைத் திருப்பி வாங்குவது குற்றம். ‘இது கொத்தடிமைக் கடன் இல்லை’ என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடித்தால்தான், பூட்டி வைத்தால்தான் அடிமை என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறோம். மீட்கப்பட்டவருக்குத் தரப்படும் விடுவிப்புச் சான்றிதழ் ஒற்றைத் தாள்தான். அது கையில் இல்லாவிட்டால் கடன் ரத்தானதற்கும் சாட்சி இல்லை, மறுவாழ்வு உதவிக்கும் வழியில்லை. ஒரு சான்றிதழின் மாதிரியை வகுப்பில் காட்டி, இதற்காக ஒருவர் எத்தனை படி ஏறுகிறார் என்று சொன்னால் குடிமையியல் பாடம் உயிர்பெறும்.

சாதியை மறைத்துவிட்டு இதைச் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையம் 1995-இல் கொடுத்த அறிக்கை, தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகக் கூறியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். ‘ஏழைகள்’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோவது பொய்க்கு மிக அருகில் நிற்கும் பேச்சு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைத் தாங்கும் பக்குவம் உண்டு. சில பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

அதனாலேயே ஒரு எச்சரிக்கை. வகுப்பில் சிலரை அடிமையாகவும் சிலரை எஜமானாகவும் நிறுத்தி நாடகம் போடுவது வேண்டாம். ஆலையிலிருந்தோ சூளையிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளை அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். “உங்க அப்பா அம்மாவும் அப்படித்தானே?” என்று யாரும் கேட்டுவிடக்கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பரிதாபப் படங்களும் வேண்டாம். குனிந்த தலையும் அழுக்குச் சட்டையுமாக அவர்களைத் திரும்பத் திரும்பக் காட்டினால், பிள்ளைகள் இரக்கப்படுவார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். போனை எடுத்துப் படம்பிடித்த பெண்ணை, சங்கத்தில் கையெழுத்துப் போடக் கற்ற அக்காவை, மனு எழுதிக்கொண்டு போன அண்ணனைக் காட்டினால் மறக்க மாட்டார்கள். மானசியின் கதையில் அடித்தவனைவிட அனுப்பியவள் முக்கியம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதைச் சொல்லலாம்.

கொஞ்சம் வளர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கும் போய்வரலாம். இதே மாவட்டம்தான். 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய மக்கள் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்டு, இந்தக் கரையிலிருந்து பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். டச்சுக் கல்லறைகளின் அழகான செதுக்கல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாக்களில் இதை யாரும் சொல்வதில்லை. கல்லறைக் கற்களில் வணிகர்களின் பெயர்கள் இருக்கின்றன. விற்கப்பட்டவர்களுக்கு அங்கே கல் கிடையாது. எதிர்த்து நின்றவர்களின் கதையும் வேண்டும். தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டி, 1948-இல் சிறையிலேயே உயிர்விட்ட களப்பால் குப்புவையும் மேல்வகுப்புகளில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள். அரசு அலுவலகங்களில் அன்று உறுதிமொழி எடுக்கிறார்கள். பள்ளிகள் அன்றைக்கு விடுவிக்கப்பட்டவர்களின் சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாம். பட்ட அடியைப் பற்றிக் கேட்க வேண்டாம். எத்தனை பேரை வெளியே கொண்டுவந்தீர்கள், எப்படி என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவருக்குப் பொன்னாடை போதாது. அன்று வேலைக்குப் போகாமல் வந்திருப்பார். அந்த நாள் கூலியையும் பயணச் செலவையும் தலைமையாசிரியர் முன்கூட்டியே எடுத்துவைத்து, புறப்படும்போது கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.