வெயிலுக்கு நிமிராத கால்கள்

ஆவடியிலும் அம்பத்தூரிலும் வெயிலுக்கா பஞ்சம்? நடை பழகும் குழந்தைக்குக் கால் வளைந்தால் "காலை வெயில்ல காட்டு, கால்சியம் பத்தல" என்பார்கள் பாட்டிமார். பல குழந்தைகளுக்கு அந்த வளைவு தானாகவே நிமிர்ந்துவிடும். சிலருக்கு வைட்டமின் டி தேவைப்படும். அதற்கும் நிமிராத ஒரு வகையை 1937இல் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் விவரித்தார். ஏறக்குறைய 20,000 பேரில் ஒருவருக்கு வரும் மரபு நோய் இது.

இங்கே குறைவது பாஸ்பேட். எலும்புச் செல்கள் எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன; பாஸ்பேட்டை வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்கு ஆணையிடுவது அதுதான். எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஃபெக்ஸ் மரபணு பழுதானால் அந்தச் சுரப்பு கூடிவிடும். தனக்கு வேண்டிய உப்பைத் தானே சிறுநீரில் கொட்டவைக்கிறது எலும்பு!

பிறந்த குழந்தையிடம் பெரும்பாலும் எதுவும் தெரியாது. நடக்கத் தொடங்கி உடல் எடை காலில் இறங்கியதும் வளைவு வரும். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பின் நுனி நைந்த துணி ஓரம்போலப் பிசிறாகத் தெரியும். பிறகு உயரம் பின்தங்கும். பள்ளி வயதில் சொத்தையே இல்லாத பல்லின் அடியில் சீழ் கட்டும். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் சரியாக இறுகாததால், கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கிருமி நுழைந்துவிடுகிறது. பல் மருத்துவரிடம் கால் வளைந்த கதையை யார் சொல்வார்கள்?

வளர்ச்சி நின்றதும் நோய் போய்விட்டதாக நினைத்துப் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். அது போவதில்லை. தொடை எலும்பில் மெல்லிய விரிசல் விடும். அதைவிட விந்தை, உப்பு போதாத அதே உடம்பில், தசைநார் எலும்போடு சேரும் இடங்களில் வேண்டாத எலும்பு முளைக்கும். குதிகாலும் முதுகும் இறுகிப்போகும்.

பாஸ்பேட்டை நாளுக்குப் பலமுறை பிரித்துக் கொடுப்பதும், கூடவே வைட்டமின் டியின் செயல்வடிவமான கால்சிட்ரியால் தருவதும் பழைய சிகிச்சை. எஃப்.ஜி.எஃப்.23 ஹார்மோனையே தடுக்கும் புரோசுமாப் ஊசிக்கு 2018இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி தந்தன. சாதாரணக் குடும்பத்துக்கு அதன் விலை எட்டாது. ஆனால் பாஸ்பேட் ரத்தப் பரிசோதனை எளிது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: குழந்தைகளுக்கு இயல்பான அளவே பெரியவர்களைவிட அதிகம். பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டால் நோயுள்ள குழந்தையும் 'நார்மல்' ஆகிவிடும்.

இந்த நோயுள்ள அப்பாவிடமிருந்து மகள்கள் எல்லோருக்கும் இது வரும், மகன்களுக்கு வராது. மகளைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும் அப்பா குள்ளமாக, கால் வளைந்து, குதிகால் வலியோடு நடந்தால், அவருடைய ரத்தத்தையும் அன்றைக்கே எடுத்துப் பார்க்க வேண்டும்.