அழுக்கு இருக்கும் வரை கிருமிநாசினி வேலை செய்யாது
பால் கேன், கறவை இயந்திரம் வைத்திருப்போர் கவனத்துக்கு

காலையில் கறந்த பால் சங்கத்தில் திரிந்து போய்த் திருப்பி அனுப்பப்பட்டால், அந்த நட்டம் உங்களுடையது. "கேனில் தினமும் குளோரின் தண்ணீர் ஊற்றித்தானே வைக்கிறோம், பிறகும் ஏன் கெட்டது?" என்று பல பால் உற்பத்தியாளர்கள் கேட்கிறார்கள். குளோரின் ஊற்றுவதற்கு முன்பு கேன் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தே இதற்கான பதில் அமையும்.

ஆவடி, பூந்தமல்லியைச் சுற்றிக் கறவை மாடு வளர்ப்பவர்கள், "அம்பத்தூர் ஆவின் பண்ணைக்குப் போனதும் பாலைச் சூடுபடுத்தி விடுவார்களே" என்று நினைக்கலாம். 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடுபடுத்தும்போது பாலில் உள்ள நோய்க்கிருமிகள் பெரும்பாலும் இறந்துவிடும். ஆனால் பேசில்லஸ் இனக் கிருமிகளின் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கும். குளிரிலும் வளரும் சூடோமோனாஸ் கிருமி விட்டுச்செல்லும் நொதிகளும் தாங்கும். கொழுப்பையும் புரதத்தையும் சிதைத்துப் பாலைக் கசக்க வைப்பவை இந்த நொதிகள்தாம். எனவே சுத்தம் என்பது மாட்டுத் தொழுவத்திலேயே தொடங்க வேண்டும்.

கிருமி எப்படித் தப்பிக்கிறது?

முதல் காரணம், மிச்சப் பால். குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொல்வதில்லை. எதிரே வரும் புரதம், கொழுப்பு, சாணம் என எல்லாவற்றோடும் வினைபுரிந்து தீர்ந்துபோகும். கேனில் பால் ஒட்டியிருந்தால் பெரும்பகுதி மருந்து அதற்கே செலவாகிவிடும்.

இரண்டாவது, உயிர்ப்படலம். கேனின் கழுத்து, மூடியின் ரப்பர் வளையம், கறவை இயந்திரத்தின் ரப்பர் குழாய் ஆகிய இடங்களில் கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை போன்ற பொருளைச் சுரக்கின்றன. விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். மேலே இருக்கும் கிருமிகள் இறந்தாலும் அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். ஏற்ற வெப்பத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு கிருமி, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

மூன்றாவது, பால் கல். போர்வெல் நீர் உப்பாக இருக்கும் இடங்களில், நீரில் உள்ள சுண்ணாம்பும் பாலின் தாது உப்பும் சேர்ந்து வெண்மஞ்சள் படிவமாக இறுகும். அதன் நுண்ணிய பொந்துகள் கிருமிக்கு மறைவிடம்.

நான்காவது, குறைந்த அளவு. பூச்சிமருந்தைக் குறைத்துத் தெளித்தால் தப்பிய பூச்சிகள் பெருகுவது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். உணவு ஆலைகளில் பயன்படும் சில கிருமிநாசினிகளை, உள்ளே வந்ததும் வெளியே தள்ளிவிடும் திறன் லிஸ்டீரியா கிருமியின் சில வகைகளுக்கு உண்டு. சுத்தமான பரப்பில் சரியான அளவு ஊற்றினால் அவையும் இறக்கும். அழுக்கின் மீது நீர்த்துப்போன மருந்து பட்டால் பிழைத்துவிடும்.

இதன் விலை என்ன என்பதைத் தென்னாப்பிரிக்கா பார்த்தது. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் அங்கே லிஸ்டீரியாவால் 1,000-க்கும் அதிகமானோர் நோயுற்றனர். 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோயுற்றவர்களில் பச்சிளங்குழந்தைகள் ஏராளம். ஓர் இறைச்சிப் பதன ஆலையின் உள்ளேயே அதே கிருமி குடியிருந்தது கண்டறியப்பட்டது.

சரியான வரிசை

1. பாலை ஊற்றிய உடனே கேனைச் சாதாரண நீரிலோ வெதுவெதுப்பான நீரிலோ அலசுங்கள். முதலிலேயே கொதிநீர் ஊற்றினால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும்.

2. சுடுநீரில் பால் பாத்திரங்களுக்கான சலவைத் தூளைக் கரைத்து, பிரஷ்ஷால் கழுத்து, மூடி, ரப்பர் வளையம் வரை தேய்க்க வேண்டும். படலத்தைக் கிழிப்பது இந்தத் தேய்ப்புதான். பின்பு நன்றாக அலசுங்கள்.

3. அதன் பிறகே கிருமிநாசினி. 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால், 10 லிட்டர் நீருக்கு 50 மில்லி. இது லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் தரும். எல்லாப் பரப்பிலும் 2 முதல் 5 நிமிடம் பட வேண்டும். அலுமினிய கேனில் அதற்கு மேல் விடாதீர்கள். அரித்துக் குழி விழும்.

4. கரைசலை முழுக்க வடித்து, தாங்கியில் கவிழ்த்துக் காயவிடுங்கள். மறுபடி அலசுவதானால் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள்.

5. பால் கல் படிந்தால் வாரம் ஒருமுறை, பால் பாத்திரங்களுக்கான அமிலக் கழுவியால் சுத்தம் செய்யலாம். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சு வாயு வெளிவந்து மூச்சை அடைக்கும்.

வெடித்த ரப்பர் வளையத்தை உடனே மாற்றுங்கள். குளோரின் பாட்டிலை வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். நிழலில் மூடி வைத்து, காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள். பாலில் கிருமிநாசினியைக் கலப்பது கலப்படம். அது சட்டப்படி குற்றம்.

நன்கு கழுவிய கேனில் ஊற்றிய பாலையும் தாமதிக்காமல் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். 4 டிகிரிக்குக் குளிர்விக்கும் வரை கிருமி பெருகிக்கொண்டே இருக்கும்.

மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ, திருவள்ளூர் மாவட்டம் கொடுவள்ளியில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியையோ அணுகலாம்.