வெட்டும் கைக்குத்தான் முதல் ஆபத்து

“நம்ம ஆடு, நம்ம கத்தி, நம்ம சட்டி. இதுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?”

தோட்டங்களில் ஆடு கோழி வளர்க்கும் நம்மவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பால்மரத்திலும் செம்பனையிலும் மாடாய் உழைத்துவிட்டு வந்து, சாயங்காலம் புல் அறுத்துப் போட்டு வளர்த்த ஆடு. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் தீபாவளிக்கும் அதுதான் கைமுதல். அதற்கும் பெர்மிட், பரிசோதனை, முத்திரை என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

இந்த விதிகளெல்லாம் பட்டணத்தில் கறி வாங்கித் தின்பவர்களுக்காகப் போட்டவை என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மிருகத்துக்கு வரும் சில நோய்கள் தின்பவரிடம் போவதற்கு முன்னால், அதை வளர்ப்பவரையும் தூக்குபவரையும் வெட்டுபவரையும் பிடித்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் நிற்பவர் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற தொழிலாளிதான்.

லோரியில் ஏறிய நோய்

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் வாக்கில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் மயக்கமும் கண்டன. மூளை வீங்கிச் சிலர் இறந்தார்கள். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள்.

இதற்கிடையே பன்றிகள் லோரி ஏறி வேறு இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. பேராக்கில் இருந்த நோய் நெகிரி செம்பிலானுக்கு வந்தது. புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளில் 1999 தொடக்கத்தில் ஆட்கள் அடுத்தடுத்துச் சாய்ந்தார்கள். சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியை மலாயாப் பல்கலைக்கழக டாக்டர் சுவா கா பிங் 1999 மார்ச்சில் புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். அந்த ஊர்ப் பெயரே அதற்கு நிப்பா என்று அமைந்துவிட்டது.

நம் நாட்டில் மட்டும் 265 பேருக்கு நோய் கண்டது. 105 பேர் இறந்தார்கள். ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. இங்கிருந்து பன்றி இறக்கிய சிங்கப்பூரிலே அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயில் விழுந்தார்கள், ஒருவர் உயிரிழந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோயில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிக்கறி சாப்பிட்டதால் விழவில்லை. உயிரோடிருந்த பன்றியைத் தொட்டு, பிடித்து, மருந்து கொடுத்து, ஏற்றி இறக்கி வேலை செய்ததால் விழுந்தவர்கள் அவர்கள்.

நாலு கோழிதானே என்று நினைப்பது

கோழிக்கு வருவோம். 2004 ஆகஸ்டில் கிளந்தான் தும்பாட் வட்டாரத்தில் கம்பத்துக் கோழிகளிடம் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பெரிய பண்ணையல்ல. வீட்டைச் சுற்றி மேயும் கோழிகள். உடனே சிங்கப்பூர் மலேசியக் கோழியும் முட்டையும் வேண்டாமென்று நிறுத்தியது. ஒரு கம்பத்தில் வந்த நோயால் ஜொகூர்ப் பண்ணைக்காரர் வரை அடி வாங்கினார். அந்த முறை நம் நாட்டில் மனிதர் யாருக்கும் அது தொற்றவில்லை. ஆனால் 1997-இல் ஹாங்காங்கில் இதே வகைக் கிருமி 18 பேரைப் பிடித்து 6 பேரைக் கொன்றது.

“நல்லா வேக வச்சா எல்லாக் கிருமியும் செத்துடும்” என்று வீட்டில் சொல்வார்கள். இந்தக் கிருமி வெந்தால் சாகும் என்பது சரிதான். ஆனால் வேகும் முன்னால் அந்தக் கோழியை அறுத்தது யார்? சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்கியது யார்? குடலை எடுத்துக் கழுவியது யார்? வீட்டுப் பெண்கள். பால்வெட்டுக் கத்தி கீறிய கையோடு வேலை செய்பவர்களும் நம்மில் உண்டு.

பரிசோதகர் என்ன பார்க்கிறார்?

அறுப்புக்கூடத்தில் பரிசோதனை இரண்டு முறை நடக்கும். முதல் பார்வை உயிரோடு இருக்கும்போது. நடை தடுமாறுகிறதா, மூச்சு இழுக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, கழிச்சல் உண்டா என்று பார்ப்பார். சந்தேகப்பட்டால் அது கத்திக்குப் போகாது.

இரண்டாவது பார்வை அறுத்த பிறகு. ஈரலில் புழுவோ சீழோ உண்டா, நுரையீரல் விலாவோடு ஒட்டியிருக்கிறதா, நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா என்று தொட்டும் கீறியும் பார்ப்பார். காசநோய் இருந்தால் பல வேளை அந்தக் கட்டிகளில்தான் தெரியும். பன்றித் தசையில் அரிசிபோல் வெள்ளைக் கொப்புளம் இருந்தால் நாடாப்புழுவின் அடையாளம்.

தலை, குடல், ஈரல் எல்லாம் போன பிறகு, துண்டு போட்ட கறியை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால் எந்தக் கெட்டிக்கார டாக்டராலும் இதையெல்லாம் சொல்ல முடியாது. திருட்டுத்தனமாக அறுத்து விற்கும் கறி மலிவாக இருக்கலாம். அது எதனால் மலிவு என்பது அந்த ஈரலுக்குத்தான் தெரியும்!

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு கோழி அறுப்பதற்காக யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. விற்பனை என்று வரும்போதுதான் கதை வேறு. கறியோ கோழியோ விற்க நகராண்மையின் லைசென்ஸ் வேண்டும். தின்னத் தகாத கறியை விற்பது 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி குற்றம். 1953-ஆம் ஆண்டு மிருகச் சட்டம் இன்னும் இரண்டு கடமைகளை நம் தலையில் வைத்திருக்கிறது. நோய் என்று சந்தேகம் வந்தால் கால்நடை இலாகாவுக்குச் சொல்ல வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் மிருகம் கொண்டுபோக பெர்மிட் எடுக்க வேண்டும். பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணைக்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும்; கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் கஷ்டமும் பொய்யல்ல. அலுவலகம் பட்டணத்தில் இருக்கிறது. போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. இதைத் தெரிந்துகொண்டுதான் தரகர் வருகிறார். “அக்கா, ஆடு ரெண்டு நாளா தீனி எடுக்கலைங்கிறீங்க. செத்துப்போனா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. கொடுத்ததை வாங்கிக்குங்க, நான் இன்னைக்கே ஏத்திக்கிறேன்” என்பார். அந்த ஆடு எந்த லயத்துப் பானைக்குப் போகும் என்று அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்பதில்லை. அடுத்த வாரம் மலிவுக் கறி என்று நம் பிள்ளை தட்டிலேயே அது வந்து விழலாம்.

நாம் செய்யக்கூடியவை

தீனி எடுக்காத ஆட்டைத் தனியே கட்டுங்கள். விற்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால், கொண்டை நீலம் பாய்ந்தால், வெறுங்கையால் தொடாமல் இலாகாவுக்குச் சொல்லுங்கள். செத்ததை ஆற்றிலோ காட்டிலோ வீசாதீர்கள். அதிகாரி சொல்கிறபடி ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

ஊசி மருந்து போட்ட மிருகத்தை உடனே அறுக்கக் கூடாது. எத்தனை நாள் கழிக்க வேண்டும் என்று மருந்து லேபிளில் இருக்கும். போட்ட தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள்.

முனியாண்டி பூசைக்குக் கிடா வெட்டும் கோயில் கமிட்டியார், பூசைக்கு முன்பே இலாகாவில் கேட்டு ஆட்டைக் காட்டிவிடுவது உத்தமம். அன்று வெட்டுவது ஒருவர் என்றாலும், பங்கு போவது எல்லா வீட்டுக்கும்.

ஆளுக்கு ஒரு நாள் சம்பளத்தை இழக்கவும் வேண்டியதில்லை. ஆடு மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் ஒன்றுகூடி ஒருவரை அனுப்பி, எல்லாருக்குமாக விசாரித்து வரச் சொல்லலாம். இலாகா அதிகாரியைத் தோட்டத்துக்கே வரும்படி கேட்கலாம். தனி ஆளாகக் கேட்பதைவிடப் பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்டால் பேச்சு எடுபடும்.

ஆட்டைக் காக்கிற அதே அக்கறையோடு, அதை வெட்டுகிற கையையும் காப்போம்.