மூச்சுவழிப் பயிற்சியும் மாதிரி உருவங்களும்

மூச்சு நின்ற ஒருவரின் மூளைக்குப் பிராணவாயு கிடைக்காவிடில் 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மீளாத சேதம் தொடங்கிவிடக்கூடும். அந்நேரத்தில் மூச்சுவழியைத் திறந்து காற்றைச் செலுத்தும் திறமை நூலறிவால் மட்டும் வருவதன்று, கை பழகவேண்டும். நெடுங்காலம் மாணவர்களின் கை நோயாளிகள் மீதே பழகிற்று. அரசு மருத்துவமனையை நாடும் ஏழையே பெரும்பாலும் அப்பயிற்சிக்குக் களமானார்.

நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் பொம்மைகள் தயாரித்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால், 1960இல் 'ரெஸஸி ஆன்' என்னும் உருவத்தை வெளியிட்டார். தலையைப் பின்சாய்த்துத் தாடையை உயர்த்தினாலன்றி அதன் மார்பு எழாது. பின்னர் வந்த மாதிரிகள், மூச்சுக்குழலில் குழாய் செருகவும் கற்பிக்கின்றன. மாணவர் லாரிங்கோஸ்கோப்பை இடக்கையில் ஏந்தி, நாக்கை ஒதுக்கி, குரல்நாண்களைக் கண்ட பின்னரே குழாயைச் செலுத்தவேண்டும். மேற்பற்களை நெம்பினால் சில மாதிரிகள் ஒலியெழுப்பும். குழாய் தவறி உணவுக்குழலுள் சென்றால் மார்பு அசையாது, வயிற்றுப்பை உப்பும். உயிருள்ளவரிடம் இதே தவறு சில நிமிடங்கள் கவனிக்கப்படாவிடில் மரணமே.

பிளாஸ்டிக் உருவம் வாந்தியெடுப்பதில்லை. அதன் தொண்டையில் இரத்தம் தேங்குவதுமில்லை. எனவே மாதிரியில் தேறியவர் அறுவை அரங்கில், மயக்க மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சியைத் தொடர்வதே முறை. பத்தில் ஒன்பது முறை வெற்றிபெறும் நிலையை எட்ட, ஒருவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை குழாய் செருகிப் பழகவேண்டியிருந்ததென ஓர் ஆய்வு காட்டியுள்ளது.

நம் நாட்டில் 2014இல் சுமார் 51,000ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. மாணவர் பெருகிய வேகத்தில் கற்பிக்கும் கைகள் பெருகவில்லை. 2019இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2020இல் வகுக்கப்பட்ட விதிகள், 150 மாணவர் வரை சேர்க்கும் கல்லூரிக்குக் குறைந்தது 600 சதுர மீட்டர் பரப்பில் திறன் பயிற்சிக்கூடம் வேண்டுமென்றன.

பரப்பளவை அளப்பது எளிது. பயன்பாட்டை அளப்பதே கடினம். மாதிரியின் விலை ஒருமுறைச் செலவு. முகவுறை, நுரையீரல் பைகள், மசகு ஆகியவற்றை மாற்றுவதும், பயிற்றுநரின் நேரமும் தொடர்செலவு. முன்னதற்கு நிதி ஒதுக்கிப் பின்னதை மறந்தால், கிழிந்த பையுடன் உருவம் பூட்டிய அலமாரியில் கிடக்கும். வாங்கிய எண்ணிக்கையையே சாதனையாகக் கணக்கிடும் வழக்கம் இத்துறையிலும் இல்லாமலில்லை.

விலையுயர்ந்த கருவியின்றியும் பயன் காணலாம். 2009இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம், பிறந்தவுடன் அழாத குழந்தைக்குப் பையும் முகமூடியும் கொண்டு முதல் நிமிடத்திற்குள் மூச்சளிக்க, எளிய குழந்தை மாதிரிகளின் துணையுடன் செவிலியர்க்கும் பயிற்சியளிக்கிறது. பழகிய திறமையும் சில மாதங்களில் மங்கிவிடுவதால், மாதிரி உருவம் மாவட்டத் தலைநகரில் மட்டுமின்றிப் பிரசவ அறையை அடுத்தே இருத்தல் வேண்டும்; அறையின் சாவியும் இரவுப்பணிச் செவிலியரிடம் இருத்தல் வேண்டும்.