இன்று களமிறங்கும் ஐவர் யார்?

ஊரில் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் பேசப்பட்ட எமது வீடுகளில், ரொறன்ரோவுக்கு வந்தபின் பிள்ளைகள் கூடைப்பந்தாட்டம் பேசுகிறார்கள். இதில் வியப்பில்லை. 1891இல் இவ்விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒன்ராறியோவின் அல்மொன்ற் என்ற ஊரிற் பிறந்தவர். 1995இல் ஆடத் தொடங்கிய ரொறன்ரோ றப்ரர்ஸ் அணி, 2019இல் என்.பி.ஏ. சம்பியன் ஆனது.

மாலையானதும் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே தேடுவது பெரும்பாலும் ஒரே விடயந்தான்: இன்று முதலில் களமிறங்கும் ஐவர் யார்? அந்த விடையைத் தானே தேடியெடுத்துத் தரும் சிறு மென்பொருளைப் பாடசாலைப் பிள்ளைகளே எழுதிவிடுகிறார்கள். அது என்ன வேலை செய்கிறது, அதனால் என்ன பயன், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பவற்றைப் பெற்றோராகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

முன்கூட்டியே தெரியாதா?

துடுப்பாட்டத்தில் நாணயச் சுழற்சியோடு பதினொருவர் பெயரும் தெரிந்துவிடும். கூடைப்பந்தாட்டத்தில் இறுதிவரை மாற்றம் வரலாம். ஒவ்வோர் அணியும் ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரை 82 போட்டிகளில் ஆடுகிறது. சிலவேளை அடுத்தடுத்த இரவுகளிலும் ஆடவேண்டும். ஆகவே காயம், களைப்பு, ஓய்வு என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். போட்டிக்கு முன்னரே ஒவ்வோர் அணியும் காயமடைந்தோர் பட்டியலை வெளியிடவேண்டும். 'ஆடமாட்டார்', 'ஆடுவது ஐயம்', 'சொல்லமுடியாது', 'பெரும்பாலும் ஆடுவார்' என்ற வகைகள் அதில் உண்டு. ஆரம்ப ஐவரின் பெயர்களைப் போட்டி தொடங்குவதற்கு 30 நிமிடங்களுக்கு முன் கையளிக்கவேண்டும். 2019க்கு முன்னர் 10 நிமிடங்களே போதுமாயிருந்தன.

மென்பொருள் செய்யும் வேலை

30 அணிகள் உள்ளதால் ஓரிரவில் பத்துக்கு மேற்பட்ட போட்டிகளும் நடக்கலாம். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது சலிப்பான வேலை. மென்பொருள் முதலில் அன்றைய திகதிக்குரிய போட்டி அட்டவணையை எடுக்கும். ஒவ்வொரு போட்டிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தைக் கொடுத்து வீரர் பட்டியலைக் கேட்கும். ஆரம்பத்தில் இறங்குபவரின் பெயருக்கு நேரே அவர் நிற்கும் இடத்தைக் காட்டும் எழுத்து இருக்கும். வாங்கில் காத்திருப்பவருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். எழுத்து உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் ஐவர் கிடைத்துவிடுவர். பைதன் என்ற கணனி மொழியில், இலவசமாகக் கிடைக்கும் கருவிகளைக்கொண்டு, சில பத்து வரிகளில் இதை எழுதிவிடலாம்.

இதில் பிள்ளைகள் வழமையாகத் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. லொஸ் ஏஞ்சலிஸில் இரவு 7.30க்குத் தொடங்கும் போட்டி ரொறன்ரோவில் 10.30க்கு நடக்கும். கணனிகள் பலவும் உலகப் பொதுநேரத்தில் இயங்குவதால், குளிர்காலத்தில் இங்கே இரவு 7 மணிக்கே அவற்றுக்கு மறுநாள் பிறந்துவிடும். மென்பொருளும் நாளைய போட்டிகளைத் தேடப் போய்விடும். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுக்கமுன் பத்தரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்க்கும் எமக்கு இது புதிய சிக்கல் அல்ல!

தகவலை எங்கிருந்து பெறுவது, எப்படி வடிகட்டுவது, பிழை வந்தால் எங்கே தேடுவது என்ற பயிற்சி, பின்னர் எந்தக் கணனித்துறைப் படிப்புக்கும் கைகொடுக்கும். "படிக்காமல் விளையாட்டுப் பார்க்கிறான்" என்று உடனே அதட்டிவிட வேண்டியதில்லை.

எச்சரிக்கை எங்கே வேண்டும்?

இதே தகவலுக்காகப் பணத்தோடு காத்திருப்போரும் உளர். ஒற்றைப் போட்டிமீது பந்தயம் கட்டுவதைக் கனடா 2021 ஓகஸ்ட் மாதம் சட்டபூர்வமாக்கியது. 2022 ஏப்ரல் 4 முதல் ஒன்ராறியோவில் தனியார் நிறுவனங்கள் இணையத்தில் பந்தயம் நடத்த அனுமதி பெற்றன. எந்த அணி வெல்லும் என்பதோடு, ஒரு வீரர் எத்தனை புள்ளிகள் எடுப்பார் என்பதன்மீதும் பணம் கட்டலாம். அப்படிக் கட்டுபவருக்கு, யார் ஆடுகிறார் என்பதை ஐந்து நிமிடம் முந்தி அறிவதே இலாபம்.

இதன் விளைவை றப்ரர்ஸ் அணியே கண்டது. அதன் வீரர் ஜோன்ரே போர்ட்டர் தனது உடல்நிலை பற்றிய இரகசியத்தைப் பந்தயக்காரர் ஒருவருக்குச் சொன்னார். 2024 மார்ச் 20இல் சில நிமிடங்களே ஆடி, சுகமில்லை என்று வெளியேறினார். அவர் குறைவாகவே ஆடுவார் என்று ஒருவர் 80,000 டொலர் கட்டியிருந்தார்; வென்றிருந்தால் 11 இலட்சம் டொலர் கிடைத்திருக்கும். சந்தேகத்தால் அந்தப் பணம் நிறுத்திவைக்கப்பட்டது. ஏப்ரலில் போர்ட்டருக்கு என்.பி.ஏ. ஆயுட்காலத் தடை விதித்தது. ஜூலையில் அவர் அமெரிக்க நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 24.

பெற்றோர் செய்யக்கூடியது

விளையாட்டு விளங்காவிட்டாலும் பிள்ளையின் அருகில் இருந்து மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது? யாருக்கு அனுப்புகிறாய்? அவர்கள் இதை வைத்து என்ன செய்கிறார்கள்? முதற் கேள்விக்குப் பிள்ளை உற்சாகமாக விளக்கும். மற்ற இரண்டுக்கும் விடை தயங்கி வந்தால் கோபியாமல் தொடர்ந்து பேசுங்கள். ஒன்ராறியோவில் 19 வயதுக்குட்பட்டோர் இணையத்தில் பந்தயம் கட்டுவது சட்டவிரோதம். தாயின் அல்லது தமையனின் பெயரில் கணக்குத் திறப்பதும் தவறே. உங்கள் கடனட்டையில் தெரியாத சிறு தொகைகள் கழிந்துள்ளனவா என்று மாதந்தோறும் பாருங்கள்.

பெரியவர்களும் இதில் சிக்குகிறார்கள். இரண்டு வேலை செய்து சேர்த்த பணம் ஒரே இரவில் போய்விடலாம். சூதாட்டத்திலிருந்து மீள உதவி தேவைப்படுவோர் கொனெக்ஸ் ஒன்ராறியோ சேவையை 1-866-531-2600 என்ற இலக்கத்தில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். வெட்கப்பட்டு மறைப்பதால் கடன்தான் வளரும்.

ஐவர் பெயரைத் தேடித்தரும் மென்பொருளை எழுதிய பிள்ளையைப் பாராட்டுவோம். அந்தப் பெயர்களை வைத்துப் பணம் கட்டும் ஆசை வீட்டுக்குள் வராமலும் பார்த்துக்கொள்வோம்.