கல் வீடும் கடல் விளையாட்டும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் முடித்த அன்பர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்குமாயின், வந்தவாசி, செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் மார்க்கமாக மாமல்லபுரம் சென்று வருமாறு கூறுவோம். முந்தின நாள் மலையை வலம் வந்தவர்கள், அங்கே பாறையே வீடாகி நிற்பதைக் காணலாம்.

வீடு என்பது உபசார வார்த்தையன்று. பஞ்ச பாண்டவ ரதங்கள் என ஜனங்கள் வழங்குபவற்றிற்கும் பாண்டவர்க்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையைச் செதுக்கி அமைத்த தளிகள் அவை. அவற்றுள் திரௌபதி ரதம் என்பது கூரை வேய்ந்த குடிசையின் நேர்ப் பிரதி. உள்ளே இருப்பவள் துர்க்கை. அரசர் எடுப்பித்த கோயிலுக்கு ஏழையின் குடிசை மாதிரியாயிற்று! அக்காலத்து ஓலையும் மரமும் மக்கிப் போயின. அவற்றின் வடிவத்தைக் கல்லில் காண்கிறோம். 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இச்சின்னங்களை உலக மரபுச் செல்வங்களில் சேர்த்தது.

கடற்கரைக் கோயிலுக்கு அண்மையில் மீனவர் குப்பம் இருக்கிறது. அக்குப்பத்து இளைஞர் பலர் பலகைமீது நின்று அலையில் சறுக்கும் விளையாட்டில் தேர்ந்து, வருவோர்க்கும் கற்பிக்கின்றனர். இது மேனாட்டு மோகம் எனச் சிலர் இகழ்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. இது ஹவாய்த் தீவினரின் தொன்மையான விளையாட்டு. கட்டைகளைக் கயிற்றால் பிணித்து, அதன்மீது அலையைக் கடந்த பரம்பரைக்கு இது எளிதில் வசப்பட்டதில் வியப்பென்ன? ஆங்கிலேயர் நம் கட்டுமரத்தைப் பெயரோடு எடுத்துக்கொண்டார்களே! 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இவ்வூரிலேயே நடைபெற்றது. நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

ஆயினும் ஒரு விஷயம் நம்மை வருத்துகிறது. கல்லில் செதுக்கிய குடிசைக்கு வேலியும் காவலும் உண்டு. 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் அடிபட்ட இக்கரையின் மீனவர்க்கோ, படகேற்றவும் வலை உலர்த்தவும் வேண்டிய மணற்பரப்பு விடுதிகளின் நெருக்கடியால் குறுகி வருகிறது. விளையாட்டினால் வரும் பணத்தைக் காட்டி, அவர்களைக் கரையினின்று ஒதுக்குவது நியாயமாகாது. கடலில் அகப்பட்டவரை மீட்க முதலில் பாய்கிறவர்களும் அவர்களே அல்லரோ?

கார்த்திகைத் தீபம் கண்டு அங்கே செல்வோர் ஒன்று கவனிக்க வேண்டும். அம்மாதத்தில் வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். குப்பத்துப் பிள்ளைகள் வேண்டாம் என்று சொன்னால், நீரில் இறங்காமல் ரதங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புக.